தலைவர் தவறினால் கேட்பவர் யார்?

மாணவர்களே,

செம்மங்குப்பம் போன்ற நம் சிற்றூர்களில் ஊராட்சித் தலைவர் என்றால் யார் என்பதை எல்லாரும் அறிவர். தெருவிளக்கு எரியாவிட்டாலும், குடிநீர் வராவிட்டாலும் அவர் வீட்டு வாயிலில் சென்று நிற்கிறோம். அவரே கடமை தவறினால் என்ன செய்வது என்னும் கேள்வியும் ஊர்ப் பேச்சில் எழுவதுண்டு. நாம் வாக்களித்து ஏற்றினோம், நாமே இறக்கிவிடலாம் என்பார் ஒருவர். அடுத்த தேர்தல் வரையில் பொறுத்திருப்பதே முறை என்பார் மற்றொருவர்.

சட்டம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றை வகுத்திருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஊராட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறையாதவர்கள் கையொப்பமிட்டு, தலைவர் மீதுள்ள குற்றச்சாட்டுகளை எழுத்தில் வடித்து, மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கலாம் என்று அது கூறுகிறது. ஆட்சியர் தாமாகவும் நடவடிக்கையைத் தொடங்கலாம். எவ்வழியில் தொடங்கினாலும், தலைவரின் விளக்கத்தைக் கேட்காமல் அவரை நீக்குவதற்கில்லை.

இந்தச் சிறிய ஏற்பாட்டிலே மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன. குற்றம் இன்னதென்று தெளிவாகக் கூறப்படவேண்டும். அதைக் கூறுவோர் ஒருசிலராக இல்லாமல் பெரும்பாலோராக இருக்கவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க இடம் தரவேண்டும். ஓர் ஊராட்சிக்கு வேண்டிய இம்மூன்றுமே ஒரு பெருநாட்டுக்கும் வேண்டும். நாட்டின் தலைவர் மீது குற்றம் சாட்டி, விசாரித்து, பதவியிலிருந்து நீக்கும் முறையை ஆங்கிலத்தில் 'இம்பீச்மெண்ட்' என்பர். நாம் அதைப் பதவி நீக்க விசாரணை என்று சொல்லிக்கொள்வோம். அம்முறை எவ்வாறு செயற்படுகிறது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பதே இன்றைய பேச்சு.

ஆள்வோரும் அறத்துக்குக் கட்டுப்பட்டவரே என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. தவறான தீர்ப்பளித்ததை உணர்ந்த பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர் நீத்த வரலாற்றைச் சிலப்பதிகாரத்தில் படித்திருப்பீர்கள். அங்கே குற்றவாளியும் நீதிபதியும் ஒருவரே. மன்னன் மனச்சான்று உடையவனாக இருந்தமையால் நீதி நிலைத்தது. மனச்சான்று இல்லாத மன்னனாக இருந்தால் கண்ணகிக்கு விடை ஏது? முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்கு அடுத்த படியைக் காட்டுகிறது. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெறலாகாது என்று அது விதித்தது. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒருவரது மனச்சான்றை மட்டும் நம்பியிராமல் விதியை நம்பத் தொடங்கிய ஊர் அது.

இனி நம் குடியரசுக்கு வருவோம்.

இந்திய அரசியலமைப்பின் 61-ஆம் உறுப்பு குடியரசுத் தலைவரை நீக்கும் முறையைக் கூறுகிறது. அரசியலமைப்பை மீறுதல் ஒன்றே அதற்குரிய குற்றம். பதவி ஏற்கும்போது அவர் அரசியலமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கிறார். அவ்வுறுதியை முறித்தார் என்பதே அவர் மீது சாட்டத்தக்க குற்றமாகும். அவருடைய கொள்கை பிடிக்கவில்லை, பேச்சு பிடிக்கவில்லை என்பன போதா.

முறை என்ன? மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரண்டில் எந்த அவையும் குற்றம் சாட்டலாம். அவ்வவையின் மொத்த உறுப்பினருள் நான்கில் ஒரு பங்கினருக்குக் குறையாதவர் கையொப்பமிட்டு, 14 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். பின்னர் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானத்தை ஆதரிக்கவேண்டும். அதன்பின் மற்றோர் அவை குற்றத்தை விசாரிக்கும், அல்லது விசாரிக்க ஏற்பாடு செய்யும். குடியரசுத் தலைவர் நேரிலோ தம் சார்பாளர் வழியாகவோ வாதாடலாம். விசாரணையின் முடிவில் அந்த அவையும் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு குற்றம் மெய்ப்பட்டது எனத் தீர்மானித்தால், அன்றே அவர் பதவியிலிருந்து நீங்குவார். புதிய தலைவர் பொறுப்பேற்கும் வரையில் துணைத் தலைவர் அப்பணியை ஆற்றுவார். ஆறு திங்களுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும்.

இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மக்களவையின் இடங்கள் 543. மாநிலங்களவையின் இடங்கள் 245. முன்னறிவிப்புக்கு மக்களவையில் 136 கையொப்பம் வேண்டும். மாநிலங்களவையானால் 62 வேண்டும். தீர்மானம் நிறைவேற மக்களவையில் 362 வாக்கும் மாநிலங்களவையில் 164 வாக்கும் வேண்டும். அவைக்கு வராதவர்களும் வந்து வாக்களிக்காதவர்களும் மொத்தக் கணக்கில் சேர்ந்தே இருப்பர். எனவே வாக்களிக்காமல் இருப்பதும் இங்கே எதிர்த்து வாக்களிப்பதற்கு ஒப்பாகும். இதை நினைவில் வையுங்கள், பின்னர் பயன்படும்.

'பிரதமரின் ஆட்சி ஒரே வாக்கில் கவிழ்ந்துவிடுகிறதே. குடியரசுத் தலைவருக்கு மட்டும் இத்துணைக் காவல் ஏன்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் திரு. வாஜ்பாயி அவர்களின் அரசு 269-க்கு 270 என்னும் வாக்கு வேற்றுமையில் வீழ்ந்தது. பிரதமர் மக்களவையின் நம்பிக்கையால் பதவி வகிக்கிறார். நம்பிக்கை போனால் பதவியும் போகும். அதற்குக் குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. குடியரசுத் தலைவரோ ஐந்தாண்டுக் காலத்துக்கு எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அன்றன்றைய பெரும்பான்மையின் விருப்பு வெறுப்புக்கு அவர் ஆளாகக்கூடாது. ஆகவே பிரதமரைப் பொறுத்த கேள்வி நம்பிக்கை உண்டா இல்லையா என்பது. குடியரசுத் தலைவரைப் பொறுத்த கேள்வி குற்றம் உண்டா இல்லையா என்பது. இவ்விரு கேள்விகளையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பெரும்பாலான அரசியற் குழப்பங்கள் எழுகின்றன.

1950-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை நம் நாட்டில் எந்தக் குடியரசுத் தலைவர் மீதும் இவ்விசாரணை நடந்ததில்லை. நம் நாட்டில் ஆட்சி அதிகாரம் அமைச்சரவையிடம் இருப்பது இதற்குப் பெருங்காரணம். அதிகாரம் முழுவதும் ஒரே தலைவரிடம் குவிந்துள்ள நாட்டில் இக்கேள்வி எவ்வளவு கூர்மையாக எழும் என்பதை அறிய, பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் செல்லவேண்டும்.

இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியிடம் ஆட்சி அதிகாரத்தை ஒப்படைத்தது. அவரை நீக்குவதற்கும் அதில் வழி உண்டு. 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்டோ, பாதிப் பேருக்குக் குறையாதவர் கையொப்பமிட்டு விசாரணைக்குரியதெனச் சபாநாயகர் கருதியோ தீர்மானம் வரலாம். மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்றால் உச்ச நீதிமன்றம் குற்றங்களை விசாரித்து அறிக்கை தரும். குற்றம் உண்டென்று நீதிமன்றம் கூறியபின், நாடாளுமன்றம் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு நீக்கலாம். இடையிலே நீதிமன்றத்தை வைத்தது சிறந்த ஏற்பாடே. மேலும், இத்தகைய தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்ட பிறகு ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தலாகாது என்றும் விதி உண்டு.

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசா மீது அத்தகைய தீர்மானம் சபாநாயகர் எம். எச். முகம்மதுவிடம் தரப்பட்டது. அதை முன்னின்று நடத்தியோருள் லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க இருவரும் முதன்மையானவர்கள். இருவரும் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியினர், அமைச்சர்களாக விளங்கியவர்கள். எதிர்க்கட்சியினரும் அவர்களுடன் சேர்ந்தனர். கையொப்பங்கள் மறைவாகவே திரட்டப்பட்டன.

இரு தரப்பாரின் வாதங்களையும் நடுநின்று கேட்போம். ஒரு தரப்பார், அதிகாரம் அனைத்தும் ஒருவர் கையில் குவிந்துவிட்டது, அமைச்சரவை பெயரளவில் நிற்கிறது, இப்பதவி முறையையே மாற்றி நாடாளுமன்ற ஆட்சிக்குத் திரும்பவேண்டும் என்றனர். மற்றத் தரப்பார், மக்கள் நேராக வாக்களித்து அமர்த்திய தலைவரைச் சிலர் மறைவில் கூடி இறக்க முயல்வது சூழ்ச்சியேயன்றி நீதியன்று, நாட்டின் வடகிழக்கில் போர் நடக்கும் வேளையில் தலைமையை அசைப்பது தகாது என்றனர். இரண்டிலும் சிந்திக்கத்தக்க பொருள் உண்டு என்பதை மறுக்க இயலாது. அதனாலேயே விசாரணை தேவைப்பட்டது.

நடந்தது என்ன? சபாநாயகர் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டதாக முதலில் தெரிவித்தார். ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைக்க இயலாது. ஆனால் கூட்டத்தொடரைத் தள்ளிவைக்க இயலும். அவ்வாறே தள்ளிவைத்தார். அவ்விடைவெளியில், கையொப்பமிட்டவருள் சிலர் பின்வாங்கினர். அக்டோபர்த் திங்களில், முறையான கையொப்பங்கள் போதிய அளவு இல்லை என்று கூறிச் சபாநாயகர் தீர்மானத்தைத் தள்ளினார். முன்னின்றவர்கள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். அந்நீக்கத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்றமையால் நாடாளுமன்ற இடங்களையும் இழந்தனர். புதுக்கட்சி ஒன்றைத் தொடங்கினர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அத்துலத்முதலி தேர்தற் கூட்டமொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் எட்டே நாளில், மே முதல் நாள் ஊர்வலத்தில் பிரேமதாசா குண்டுவெடிப்பில் மாண்டார்.

மாணவர்களே, இங்கே நாம் எண்ணவேண்டியது ஒன்று உண்டு. சாட்டப்பட்ட குற்றங்கள் மெய்யா பொய்யா? அதற்கு எந்த மன்றமும் விடை கூறவில்லை. குற்றமற்றவராயின் ஜனாதிபதி தம் தூய்மையை மெய்ப்பிக்கும் வாய்ப்பை இழந்தார். குற்றமுடையவராயின் நாடு நீதியை இழந்தது. விசாரிக்கப்படாத குற்றச்சாட்டு இரு தரப்பார் மீதும் நிழலாகப் படிந்துவிட்டது. ஒருவர் பதவி இழப்பதைவிட, பதவியில் நீடிப்பதைவிட, இதுவே பெருங்கேடு என்பது என் கருத்து.

நம் நாட்டில் இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது குடியரசுத் தலைவரைப் பற்றியதன்று, நீதிபதியைப் பற்றியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. இராமசாமி அவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அவர் பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த காலத்துச் செலவுகளைக் குறித்து எழுந்த குற்றச்சாட்டுகளின் மீது, 1991-ஆம் ஆண்டில் மக்களவை உறுப்பினர் 108 பேர் தீர்மானம் கொடுத்தனர். மூன்று நீதிபதிகள் கொண்ட குழு விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளுள் 11 மெய்ப்பட்டதாக அறிக்கை தந்தது. 1993-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 196 பேர் வாக்களித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. அவையில் இருந்தும் வாக்களியாதவர் 205 பேர்! நீதிபதியை நீக்குவதற்கு மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையும் வேண்டும் ஆதலால், தீர்மானம் தோற்றது. அவர் பணி ஓய்வு பெறும் வரையில் பதவியில் நீடித்தார்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன கணக்கு இங்கே பயன்படுகிறது. குற்றமில்லை என்று எழுந்து கூற ஒருவரும் இல்லை. குற்றமுண்டு என்று கூறவும் போதிய பேர் இல்லை. மௌனமே தீர்ப்பாயிற்று. இலங்கையில் விசாரணை நடவாமல் போயிற்று. இங்கே விசாரணை நடந்தும் தீர்ப்பு நடவாமல் போயிற்று. தீர்ப்புக் கூறும் கடமையை ஏற்றவர், ஆம் என்றோ இல்லை என்றோ துணிந்து கூறவேண்டும். வாய் திறவாமை நடுநிலைமை ஆகாது.

விசாரணையும் தீர்ப்பும் முற்றாக நடந்தால் எல்லாம் நலமாகுமா என்றால், அதற்கும் ஓர் எல்லை வேண்டும். இங்கிலாந்து நாடாளுமன்றம் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்சை விசாரித்த வரலாற்றைப் பாருங்கள். எட்மண்டு பர்க் என்னும் பேரறிஞர் குற்றம் சாட்டி முழங்கினார். 1788-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை 1795-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் முடிந்தது. ஹேஸ்டிங்ஸ் விடுதலை பெற்றார். ஆனால் வழக்குச் செலவால் அவர் செல்வம் அழிந்தது. அவருக்காக வாதாடியோர், ஆங்கிலேயரின் ஆட்சியை இந்தியாவில் அவர் காத்ததை எடுத்துக் காட்டினர். அதில் நம் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. ஐதர் அலி படையெடுத்த காலத்தில் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தாவிலிருந்து அனுப்பிய தளபதி அயர் கூட், 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் போரிட்டு வென்ற களம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையே ஆகும். செய்த சேவை செய்த குற்றத்தைக் கழுவிவிடுமா? ஏழாண்டு இழுக்கும் விசாரணை, தீர்ப்புக்கு முன்னரே தண்டனை ஆகிவிடாதா? இவ்விரு கேள்விகளையும் அவ்வழக்கு உலகுக்கு விட்டுச் சென்றது. கடல் கடந்து ஆண்டவனும் கணக்குக் காட்டவேண்டும் என்னும் நெறி அதனால் நிலைபெற்றது என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்க நாட்டிலோ வேறொரு தீமை தோன்றியது. 1868-ஆம் ஆண்டில் அதிபர் ஆண்டுரூ ஜான்சன் தம் போர் அமைச்சரை நீக்கினார். செனட்டின் இசைவின்றி அவ்வாறு நீக்கலாகாது என்று அதற்கு முந்திய ஆண்டிலே ஒரு சட்டம் செய்து வைத்திருந்தனர். அச்சட்டத்தை மீறினார் என்று குற்றம் சாட்டினர். செனட்டில் குற்றமுண்டு என்றவர் 35 பேர். இல்லை என்றவர் 19 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு 36 வேண்டும். ஒரு வாக்கில் தப்பினார். அவருடைய கட்சிக்கு மாறானவர் எழுவரும் குற்றமில்லை என்று வாக்களித்ததே அவரைக் காத்தது. ஜான்சனின் கொள்கைகளைப் போற்றுவோர் இன்று அரியர். விடுதலை பெற்ற நீக்ரோ மக்களின் உரிமைகளுக்கு அவர் தடையாக நின்றார். எனினும், பகைமை ஒன்றுக்காகத் தலைவரை நீக்கும் வழக்கம் தோன்றாமற் போனது நலமே என்று கருதுவோர் பலர். அச்சட்டமும் 1887-இல் நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, 1974-இல் அதிபர் நிக்சன் மீது எழுந்த குற்றங்களுக்குத் தெளிவான சான்றுகள் வெளிவந்தபோது அவர் கட்சியினரே அவரைக் கைவிட்டனர். விசாரணை முடியுமுன் பதவி விலகினார். சான்று வலுத்தால் கட்சிச் சுவர் இடியும் என்பதற்கு அது சான்று. அதிபர் டிரம்பின் மீது 2019-இலும் 2021-இலும் நடந்த இரு விசாரணைகளிலோ, வாக்குகள் பெரும்பாலும் கட்சிவழியே பிரிந்தன. இருமுறையும் அவர் விடுதலை பெற்றார்.

முறையாக நடந்து முடிந்த விசாரணைக்குத் தென் கொரியாவைக் காட்டலாம். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் அதிபர் பார்க் கன்-ஹே மீது நாடாளுமன்றத்தின் 300 பேரில் 234 பேர் குற்றம் சாட்டினர். அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் விசாரித்து, 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் ஒருமனதாக நீக்கினர். மூன்று திங்களில் காரியம் முடிந்தது. குற்றம் சாட்டியவர் வேறு, தீர்ப்பளித்தவர் வேறு. 2024-ஆம் ஆண்டு இறுதியில் இராணுவச் சட்டத்தை அறிவித்த அதிபர் யூன் சுக்-இயோலும் இம்முறையாலேயே 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டார். நாடு பிளவுபட்டு நின்றது உண்மை. ஆயினும் அடுத்த தலைவரைத் தேர்தல் தந்தது.

முறை மூடிக் கிடந்தால் என்ன ஆகும்? மீண்டும் இலங்கையையே நோக்குவோம். 2022-ஆம் ஆண்டு ஜூலையில், பொருளாதார நெருக்கடியால் துன்புற்ற மக்கள் ஜனாதிபதியின் மாளிகைக்குள் புகுந்தனர். கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். மன்றத்தின் கதவு திறவாதபோது மக்கள் மாளிகையின் கதவைத் திறந்துவிடுகின்றனர். அதனால் சிலபோது நன்மை விளையலாம். ஆனால் அதற்கு விதியும் இல்லை, எல்லையும் இல்லை.

இவற்றால் நாம் அறிவது யாது? பதவி நீக்க விசாரணை மருத்துவனின் கத்தி போன்றது. அடிக்கடி எடுத்தால் உடல் தாங்காது. துருப்பிடிக்க விட்டால் வேண்டும்போது பயன்படாது. நாளை எந்த நாட்டிலேனும் ஒரு தலைவரை நீக்கவேண்டும் என்ற செய்தியை நாளிதழில் படித்தால், அவரை எனக்குப் பிடிக்குமா என்று முதலில் கேளாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குற்றம் இன்னதென்று தெளிவாகக் கூறப்பட்டதா? குற்றம் சாட்டியவர் அல்லாத வேறொருவர் அதை விசாரிக்கிறாரா? தலைவரின் கட்சியைச் சேர்ந்தவருள்ளும் சிலர் அதை ஏற்கும் அளவுக்குச் சான்று உண்டா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால், அந்நீக்கம் நாட்டுக்கு வலிமை தரும். கிடையாவிடில், வென்றாலும் தோற்றாலும் நாட்டுக்குக் காயமே மிஞ்சும்.

உங்களுள் சிலர் நாளை ஊராட்சி மன்றத்திலோ, சட்டமன்றத்திலோ, நாடாளுமன்றத்திலோ அமரக்கூடும். அன்று உங்கள் தலைவர் ஒருவர் மீது குற்றச்சாட்டு வரலாம். உங்கள் கட்சி ஒரு பக்கமும், கையிலுள்ள சான்று மற்றொரு பக்கமும் நிற்கலாம். அவ்வேளையில் வெளியே எழுந்து செல்லவும், வாய் மூடி அமர்ந்திருக்கவும் பலர் உங்களுக்கு வழி காட்டுவர். நீங்களோ சான்றை முழுமையாகப் படியுங்கள்; எதிர்த்தரப்பாரின் விளக்கத்தைச் செவிகொடுத்துக் கேளுங்கள்; பின்னர் எழுந்து நின்று ஆம் என்றோ இல்லை என்றோ உங்கள் வாக்கை அளியுங்கள். அரசியலமைப்பு உங்களிடம் எதிர்பார்ப்பது அவ்வளவே.